பின் ஆக்சில் மாற்றமும் வீல் ஸ்டட் அளவீடும்: முக்கியக் குறிப்புகள்

ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கும், மோட்டார் வாகன ஆய்வாளர் தேர்வுக்குப் படிப்போருக்கும் பயன்படும் தொகுப்பு. ஒரு காரின் பின் ஆக்சிலைக் கழற்றி வேறு வண்டியின் ஆக்சிலைப் பூட்டும்போது, பழைய ரிம் புதிய ஹப்பில் உட்காருமா என்பதே முதல் கேள்வி. இதில் அதிகம் தவறுவது ஐந்து ஸ்டட் அளவு. ஆகவே அந்தப் பகுதி விரிவாகவும் மற்றவை சுருக்கமாகவும் தரப்பட்டுள்ளன.

1. அடிப்படைச் சொற்கள்

- பி.சி.டி.: வீல் ஸ்டட்கள் எல்லாவற்றின் மையப்புள்ளிகள் வழியாகவும் செல்லும் கற்பனை வட்டத்தின் விட்டம்.
- எழுதும் முறை: 5×114.3 என்றால் 5 ஸ்டட்கள், பி.சி.டி. 114.3 மி.மீ.
- அங்குலக் கணக்கு: அமெரிக்க வண்டிகளில் 5×4.5 என்றே சொல்வார்கள். 4.5 × 25.4 = 114.3. ஆகவே 5×4.5, 5×114.3 இரண்டும் ஒன்றே.
- மனப்பாடம் செய்ய வேண்டியவை: 4 அங்குலம் = 101.6, 4.25 = 107.95 (108 என்று எழுதுவது வழக்கம்), 4.5 = 114.3; 4.75 = 120.65; 5 = 127; 5.5 = 139.7, 6.5 = 165.1 மி.மீ.
- ஸ்டட், போல்ட் வேறுபாடு: அமெரிக்க, ஜப்பானிய கார்களில் பெரும்பாலும் ஹப்பிலிருந்து ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும், நட் போட்டு முடுக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் பென்ஸ் போன்ற ஜெர்மன் கார்களில் ஹப்பில் மரைத் துளைதான் இருக்கும். போல்ட் போட்டு முடுக்க வேண்டும். அங்கே துளையின் மையத்தை வைத்து அளக்க வேண்டும்.
- சென்டர் போர்: ரிம்மின் நடுத்துளை விட்டம். பி.சி.டி. பொருந்தினாலும் நடுத்துளை சிறியதாக இருந்தால் ரிம் ஹப்பின் மேல் ஏறாது.
- ஆஃப்செட்: ரிம்மின் அகலத்துக்கு நடுவே செல்லும் கோட்டுக்கும், ரிம் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம். அந்த முகம் வெளிப்பக்கம் தள்ளி இருந்தால் நேர்க்குறி, உள்பக்கம் இருந்தால் எதிர்க்குறி.

2. சூத்திரங்கள்

பொதுச் சூத்திரம்: அடுத்தடுத்த இரண்டு ஸ்டட்களின் மைய தூரத்தை, சைன் (180° ÷ ஸ்டட் எண்ணிக்கை) என்பதால் வகுத்தால் பி.சி.டி. கிடைக்கும். அதிலிருந்து வருபவை:

- 3 ஸ்டட்: அடுத்த ஸ்டட் தூரம் × 1.1547. எடுத்துக்காட்டு: ஸ்மார்ட் ஃபோர்டூ, 3×112.
- 4 ஸ்டட்: எதிரெதிர் ஸ்டட்களின் மைய தூரமே பி.சி.டி. நடுவில் ஹப் நீட்டிக்கொண்டு காலிப்பரை மறித்தால், அடுத்த ஸ்டட் தூரம் × 1.4142.
- 5 ஸ்டட்: அடுத்த ஸ்டட் தூரம் × 1.7013. அல்லது ஒன்றுவிட்ட ஸ்டட் தூரம் × 1.0515.
- 6 ஸ்டட்: எதிரெதிர் தூரம் நேரடியாக. அல்லது அடுத்த ஸ்டட் தூரம் × 2.
- 8 ஸ்டட்: எதிரெதிர் தூரம் நேரடியாக. அல்லது அடுத்த ஸ்டட் தூரம் × 2.6131. கனரக அமெரிக்க பிக்கப் வண்டிகளில் 8×165.1, 8×170 உண்டு.

நினைவில் கொள்க: 4, 6, 8 ஆகிய இரட்டைப்படை அமைப்புகளில் ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் நேர் எதிரே இன்னொரு ஸ்டட் உண்டு, டேப்பை வைத்தவுடன் பி.சி.டி. தெரியும். ஐந்தில் எந்த ஸ்டட்டுக்கும் நேர் எதிரே ஸ்டட் கிடையாது. ஆகவே 5 ஸ்டட் ஹப்பில் டேப் காட்டும் எந்த எண்ணும் பி.சி.டி. ஆகாது; அதைப் பெருக்கித்தான் பி.சி.டி.யைப் பெற வேண்டும்.

3. அளக்கும் முறை

- ஸ்டட்டின் மையத்தைக் கண்ணால் மதிப்பிட்டு அளக்கக் கூடாது. விளிம்பை வைத்து அளந்து கணக்கிடுவதே சரி.
- வெளிவிளிம்பு முறை: இரண்டு ஸ்டட்களின் வெளிவிளிம்புகளுக்கு இடையே அளந்து, ஒரு ஸ்டட்டின் விட்டத்தைக் கழிக்க வேண்டும்.
- உள்விளிம்பு முறை: உள்விளிம்புகளுக்கு இடையே அளந்து, ஒரு ஸ்டட்டின் விட்டத்தைக் கூட்ட வேண்டும்.
- ஒரே பக்க முறை: ஒரு ஸ்டட்டின் இடது விளிம்பிலிருந்து அடுத்ததன் இடது விளிம்பு வரை அளந்தால் அதுவே மைய தூரம். எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். டேப் மட்டும் கையில் இருந்தால் இதுவே எளிது.
- செய்முறைக் கணக்கு: அரை அங்குல (12.7 மி.மீ.) ஸ்டட்கள் கொண்ட 5 ஸ்டட் ஹப். அடுத்தடுத்த ஸ்டட்களின் வெளிவிளிம்புகளை வெர்னியர் காலிப்பரால் பிடித்தால் 79.9 மி.மீ. காட்டுகிறது. 79.9 − 12.7 = 67.2. 67.2 × 1.7013 = 114.3. விடை: 5×114.3.
- பிழை எவ்வளவு பெருகும்: அடுத்த ஸ்டட் முறையில் 1 மி.மீ. தவறினால் பி.சி.டி. 1.7 மி.மீ. தவறும். ஒன்றுவிட்ட ஸ்டட் முறையில் அதே தவறு 1.05 மி.மீ. மட்டுமே. டேப்பால் அளப்பவர்கள் ஒன்றுவிட்ட ஸ்டட்டையே அளக்க வேண்டும். காலிப்பர் இருந்தால் எதுவும் சரி.
- பட்டறைக் குறுக்குவழி: 5 ஸ்டட்டில் ஒரு ஸ்டட்டின் மையத்திலிருந்து ஒன்றுவிட்ட ஸ்டட்டின் தூர விளிம்பு வரை உள்ள அளவு, பி.சி.டி.க்குக் கிட்டத்தட்டச் சமம். 114.3 ஹப்பில் 12.7 மி.மீ. ஸ்டட்டுக்கு இது 115.05 என்று வரும். தோராயத்துக்கு ஏற்கலாம், ரிம் வாங்க இதை நம்பக் கூடாது.
- எல்லா இடைவெளிகளையும் அளந்து ஒப்பிட வேண்டும். சில மட்டும் மாறி வந்தால் ஸ்டட் வளைந்திருக்கிறது என்று பொருள்.
- ஸ்டட்டின் நுனியில் அல்ல, அடிப்பகுதியில் அளக்க வேண்டும். வளைந்த ஸ்டட் நுனியில்தான் அதிகம் விலகியிருக்கும்.
- ரிம்மில் அளக்கும்போது வெளிமுகத்தைத் தவிர்த்து, ஹப்பில் உட்காரும் உள்முகத்தில் அளக்க வேண்டும். வெளிமுகத்தில் நட் உட்காரும் கூம்புப் பள்ளம் இருப்பதால் துளையின் விளிம்பு துல்லியமாகத் தெரியாது.

4. ஐந்து ஸ்டட் அட்டவணை (மி.மீ.)

| பி.சி.டி. | அடுத்த ஸ்டட் | ஒன்றுவிட்ட ஸ்டட் | எடுத்துக்காட்டு வண்டி |
|---|---|---|---|
| 108 | 63.5 | 102.7 | வோல்வோ 240 |
| 112 | 65.8 | 106.5 | மெர்சிடிஸ் பென்ஸ், ஆடி |
| 114.3 | 67.2 | 108.7 | ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் (1991–2001), ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே |
| 120 | 70.5 | 114.1 | பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் ஈ46 |
| 120.65 | 70.9 | 114.7 | ஷெவ்ரோலே கமாரோ (1967–2002) |
| 127 | 74.6 | 120.8 | ஜீப் ராங்ளர் ஜேகே |
| 139.7 | 82.1 | 132.9 | வில்லிஸ் ஜீப், மாருதி ஜிப்சி |

தேர்வில் வரும் பொறி: அட்டவணையின் மூன்றாம் நெடுவரிசையை மீண்டும் பாருங்கள். 127 ஹப்பில் ஒன்றுவிட்ட ஸ்டட்டை அளந்தால் 120.8 வரும், அளந்தவர் அது 120.65 என்று நினைப்பார். 120 ஹப்பில் 114.1 வரும், 114.3 என்று நினைப்பார். 114.3 ஹப்பில் 108.7 வரும், 108 என்று நினைப்பார். இந்த மூன்று அளவுகளும் தம்மைவிடச் சிறிய இன்னொரு நிலையான அளவைப் போலவே டேப்பில் தெரிகின்றன. அளந்த எண் பழகிய எண்ணாக இருக்கிறதே என்று நம்பி ரிம் வாங்கினால் அது ஹப்பில் ஏறாது. தெரிந்த எண் வந்தாலும் 1.0515 ஆல் பெருக்கிய பிறகே முடிவு செய்ய வேண்டும்.

5. முக்கிய எடுத்துக்காட்டு: செரோக்கியில் எக்ஸ்ப்ளோரர் ஆக்சில்

அமெரிக்காவில் பட்டறை வைத்திருப்போரும் ஆர்வலர்களும் அதிகம் செய்யும் மாற்றங்களில் இது ஒன்று.

- வாங்கும் வண்டி: ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே (1984–2001). பலவற்றில் வந்த பின் ஆக்சில் டேனா 35. 27 ஸ்ப்லைன் ஷாஃப்ட், டிரம் பிரேக்.
- கொடுக்கும் வண்டி: ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் (1991–2001). ஃபோர்டு 8.8 ஆக்சில். 8.8 என்பது கிரவுன் வீலின் விட்டம், அங்குலத்தில், சுமார் 223.5 மி.மீ.
- மாற்றக் காரணம்: 31 ஸ்ப்லைன் கொண்ட தடித்த ஷாஃப்ட், 1995 முதல் வந்தவற்றில் பின் டிஸ்க் பிரேக்.
- ஆண்டு கவனம்: 2002 முதல் எக்ஸ்ப்ளோரரில் தனித்தனிப் பின் சஸ்பென்ஷன் வந்துவிட்டது. இம்மாற்றத்துக்கு அந்த வண்டி உதவாது.
- ஸ்டட்: இரண்டுமே 5×114.3, இரண்டுமே அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. பழைய ரிம்மும் பழைய நட்டும் பொருந்தும். இந்த ஆக்சில் இவ்வளவு விரும்பப்பட இதுவும் முக்கியக் காரணம்.
- சென்டர் போர்: ஃபோர்டு ரிம்மின் நடுத்துளை 70.6 மி.மீ.; ஜீப் ரிம்மின் நடுத்துளை 71.5 மி.மீ. ஜீப் ரிம் ஃபோர்டு ஆக்சிலில் ஏறும். ஃபோர்டு ரிம்மை ஜீப்பின் முன் ஹப்பில் மாட்ட முயன்றால் நடுவில் முட்டும் வாய்ப்பு உண்டு. ஸ்டெப்னிக்கு எந்த ரிம் என்பதை இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.
- அகலம்: ஒரு பக்கம் ரிம் உட்காரும் முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை அளப்பதே ஆக்சில் அகலம். எக்ஸ்ப்ளோரர் ஆக்சில் செரோக்கியுடையதைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைவு. ஒவ்வொரு பக்கமும் சக்கரம் சுமார் அரை அங்குலம் உள்ளே போகும்.
- பல் விகிதம்: நான்கு சக்கர இயக்க வண்டியில் முன், பின் ஆக்சில்களின் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னால் 3.55 இருக்க, பின்னால் 3.73 பூட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறிச் சேதமாகும்.
- மற்ற வேலைகள்: பட்டை ஸ்பிரிங் உட்காரும் இருக்கைகளை வெட்டிப் புது இடத்தில் வெல்டிங் செய்தல், ஷாக் அப்சார்பர் பிராக்கெட், ஹேண்ட் பிரேக் கேபிள், பிரேக் குழாய், புரொப்பல்லர் ஷாஃப்ட் இணைப்பு ஆகியவை.

6. பொருந்தாத பிற எடுத்துக்காட்டுகள்

- ஃபோர்டு மஸ்டாங் (1979–1993): பெரும்பாலும் 4×108. 1994 மாடல் முதல் 5×114.3. பழைய வண்டியில் புதிய பின் ஆக்சிலைப் பூட்டினால் முன்னால் 4, பின்னால் 5. ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகாது. முன் ஹப்பையும் மாற்றியாக வேண்டும்.
- 1960களின் டாட்ஜ் டார்ட்: 5×4 அங்குலம் (101.6). அதே நிறுவனத்தின் பெரிய கார்களில் 5×4.5. ஒரே நிறுவனம் என்பதால் ஸ்டட் அமைப்பும் ஒன்றாக இருக்கும் என்று கொள்ளக் கூடாது. அக்காலக் கிரைஸ்லர் கார்களில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை ஸ்டட். நட்டைக் கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும்.
- ராங்ளர் டிஜே, ஜேகே: டிஜே 5×114.3, அடுத்து வந்த ஜேகே 5×127. பெயர் ஒன்று, அளவு வேறு.
- கமாரோவில் ஃபோர்டு 9 அங்குல ஆக்சில்: கமாரோ ரிம் 5×120.65, ஃபோர்டு ஷாஃப்ட் பொதுவாக 5×114.3. இதற்காகவே சந்தையில் தனியாகக் கிடைக்கும் ஷாஃப்ட்களில் இரண்டு அளவுக்கும் சேர்த்துப் பத்துத் துளைகள் போட்டிருப்பார்கள்.

7. பொருந்தாவிட்டால் வழிகள்

- ரிம் மாற்றம்: நான்கையும் மாற்றுவது எளிதும் பாதுகாப்பும் ஆகும்.
- ஷாஃப்ட் மாற்றம்: ஹவுசிங் அப்படியே இருக்க, வேறு ஃபிளான்ஜ் கொண்ட ஷாஃப்ட் போடுவது. ஸ்ப்லைன் எண்ணிக்கை, நீளம், பேரிங் அளவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.
- புதிய துளை: 114.3 இலிருந்து 120.65 க்குப் போனால் ஒவ்வொரு துளையின் மையமும் 3.175 மி.மீ. மட்டுமே வெளியே நகரும். பழைய துளையும் புதியதும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே பழைய இரண்டு துளைகளுக்கு நடுவே, 36° தள்ளித் துளையிட வேண்டும். பிரேக் டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் அதே துளைகள் வேண்டும். இது மெஷின் ஷாப் வேலை. கை டிரில்லால் செய்யக் கூடாது.
- வீல் அடாப்டர்: ஒரு பக்கம் ஹப்பில் பூட்டி, மறுபக்கம் வேறு அளவு ஸ்டட்களைத் தரும் தகடு. சக்கரம் தகட்டின் தடிமன் அளவுக்கு வெளியே தள்ளும். பேரிங்கில் சுமை கூடும்.
- ஸ்பேசர் வேறு, அடாப்டர் வேறு: ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளும், அளவை மாற்றாது.

8. கிட்டத்தட்டப் பொருந்துவதே ஆபத்து

- 5×100 ரிம் 5×114.3 ஹப்பில் ஏறவே ஏறாது. தவறு உடனே தெரிந்துவிடும்.
- 5×112 ரிம்மை 5×114.3 ஹப்பில் தள்ளி மாட்ட முடியும். மையங்கள் 1.15 மி.மீ. மட்டுமே விலகுகின்றன. நட்டும் முடுக்கப்படும். ஆனால் கூம்புப் பள்ளத்தில் நட் ஒரு பக்கமாகவே அழுந்தும், ஸ்டட் வளையும், ஓட்டத்தில் நட் தளரும்.
- 4×98, 4×100 ஜோடியும் அப்படியே. விலகல் 1 மி.மீ.
- அறிகுறி: முதல் நட்டை முழுதும் முடுக்கிய பின் எதிர்ப்பக்க நட் கையால் சுழலாமல் இறுகிக்கொள்வது. அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திப் பி.சி.டி.யை அளக்க வேண்டும்.

9. மரை, நட், முடுக்கு விசை

- எம்12×1.5: டொயோட்டா, ஹோண்டா, மஸ்டா, ஹூண்டாய்.
- எம்12×1.25: நிசான், சுசுகி, சுபாரு.
- அரை அங்குலம், 20 மரை: பழைய ஃபோர்டு, ஜீப், கிரைஸ்லர்.
- எச்சரிக்கை: அரை அங்குல நட் எம்12×1.25 ஸ்டட்டில் சுலபமாகச் சுற்றி ஏறிவிடும். மரை இடைவெளி 1.27, 1.25 என்று கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் நட் 0.7 மி.மீ. பெரியது. மரை நுனிகள் மட்டுமே பிடிக்கும்; முடுக்கும்போது உருவிவிடும். ஆக்சில் மாற்றியபின் முன்னும் பின்னும் வேறு மரை இருந்தால் நட்களைக் கலந்து வைக்கக் கூடாது.
- நட் உட்காரும் வடிவம்: 60° கூம்பு, உருண்டை, வாஷருடன் கூடிய தட்டை என மூன்று. ரிம்முக்கு ஏற்ற நட் வேண்டும். ஹப்பைப் பார்த்து வடிவத்தை முடிவு செய்யக் கூடாது.
- முடுக்கும் வரிசை: 5 ஸ்டட்டில் நட்சத்திர வடிவில், ஒன்றுவிட்டு ஒன்றாக. 4 ஸ்டட்டில் குறுக்காக.
- விசை: எம்12×1.5 க்கு டொயோட்டா தருவது 103, ஹோண்டா தருவது 108 நியூட்டன் மீட்டர். எக்ஸ்ப்ளோரரின் அரை அங்குல ஸ்டட்டுக்கு ஏறத்தாழ 135 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்சு கட்டாயம்.
- சக்கரம் மாட்டி 80 முதல் 160 கி.மீ. ஓடியபின் மீண்டும் முடுக்கு விசையைச் சரிபார்க்க வேண்டும்.
- பிடிமான நீளம்: ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளத்துக்கு நட் மரையில் ஏறியிருக்க வேண்டும். 12 மி.மீ. ஸ்டட்டுக்கு 12 மி.மீ.

10. சட்டக் குறிப்பு (இந்தியா)

- மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது.
- 2019 திருத்தத்துக்குப் பின் பிரிவு 182ஏ: அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

11. ஒரு மதிப்பெண் வினாக்கள்

1. 5 ஸ்டட் ஹப்பில் அடுத்த ஸ்டட் மைய தூரம் 70.5 மி.மீ. பி.சி.டி. என்ன? விடை: 120 மி.மீ.
2. 6 ஸ்டட் ஹப்பில் அடுத்த ஸ்டட் மைய தூரம் 69.85 மி.மீ. பி.சி.டி. என்ன? விடை: 139.7 மி.மீ.
3. 4 ஸ்டட் ஹப்பில் அடுத்த ஸ்டட் மைய தூரம் 80.8 மி.மீ. பி.சி.டி. என்ன? விடை: 114.3 மி.மீ.
4. 5 ஸ்டட், ஸ்டட் விட்டம் 12 மி.மீ., அடுத்தடுத்த வெளிவிளிம்புகளின் தூரம் 77.8 மி.மீ. பி.சி.டி. என்ன? விடை: 65.8 × 1.7013, அதாவது 112 மி.மீ.
5. 5 ஸ்டட் ஹப்பில் ஒன்றுவிட்ட ஸ்டட் மைய தூரம் 120.8 மி.மீ. இது 5×120.65 ஆகுமா? விடை: ஆகாது. 120.8 × 1.0515 = 127. அது 5×127.
6. 5 ஸ்டட் அமைப்பில் அடுத்தடுத்த ஸ்டட்களுக்கு இடையிலான கோணம்? விடை: 72°.
7. பி.சி.டி. ஒத்தும் ரிம் ஹப்பில் ஏறவில்லை. முதலில் பார்க்க வேண்டியது? விடை: சென்டர் போர்.
8. ஆக்சில் அகலம் மொத்தமாக 30 மி.மீ. குறைந்தால் ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு உள்ளே போகும்? விடை: 15 மி.மீ.